17-ல் நிற்கும் நெல்: தளர்வு கேட்டால் போதுமா, காயவைக்க வேண்டாமா?

பொங்கல் லீவுக்கு விருத்தாசலம் பக்கம் பைக்கில் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சாலையின் ஒரு பாதி தார், மறு பாதி நெல். ஓரத்தில் வரிசையாகக் கல். நடுவில் ஒருவர் காலாலேயே நெல்லைக் கிளறிக்கொண்டு நடக்கிறார். சாயங்காலமானால் அதே நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, பறக்காமல் இருக்க மேலே நாலு கல்லை வைத்துவிட்டுப் போகிறார்கள். இருட்டில் ஹெட்லைட் வெளிச்சத்துக்கு அந்தக் குவியல் தெரிவதற்குள் வண்டி கிட்டே போயிருக்கும்.

"ரோட்டுல காயவைக்கிறாங்களே, விவரம் இல்லையா?" என்று திட்டிவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் அந்தச் சாலையை விட்டால் அவருக்கு வேறு இடம் இல்லை. ரெண்டு மூன்று நாளில் காயவில்லை என்றால் அந்த நெல்லுக்கு விலையும் இல்லை. வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிறவரிடம், "காய்கறியில் தண்ணீர் எத்தனை சதவீதம்?" என்று யாரும் கேட்பதில்லை. நெல் விற்கப் போகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வியே அதுதான்.

அது என்ன 17?

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டியதும் ஒரு கைப்பிடி எடுத்து ஈரப்பதமானியில் போடுவார்கள். எண் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மத்திய அரசு நாடு முழுவதற்கும் வைத்திருக்கும் தர விதி இது. அதற்கு மேல் போனால், "இன்னும் காயணும், காயவெச்சு எடுத்துட்டு வாங்க" என்பதுதான் பதில்.

இந்த விதியில் தப்பில்லை. ஈர நெல் மூச்சு விடும். சூடாகும், பூஞ்சை பிடிக்கும், முளைக்கும், அரிசி மஞ்சளாகும். நெல்லை அறுத்த 24 மணி நேரத்துக்குள் காயவைக்கத் தொடங்கிவிட வேண்டும் என்று நிபுணர்கள் சொல்வது இதனால்தான். மாதக் கணக்கில் சேமிக்க வேண்டுமென்றால் 17 கூடப் போதாது, 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். நாளைக்கு ரேஷன் கடையில் வரும் அரிசிக்கு நாற்றம் வருமா வராதா என்பது இந்த எண்ணில்தான் இருக்கிறது.

பிரச்சினை விதியில் இல்லை. 22-ல் இருக்கும் நெல்லை 17-க்குக் கொண்டுவர வேண்டியது யார் வேலை, அதை எங்கே வைத்துச் செய்வது என்பதற்கு யாரும் பதில் வைத்திருக்கவில்லை. அந்த வேலை தானாக விவசாயி தலையில் விழுந்துவிட்டது.

முன்னாடி எப்படிக் காய்ந்தது?

தாத்தா காலத்தில் இந்தத் தலைவலி இவ்வளவு இல்லை. ஆட்கள் அறுத்த கதிர் வயலிலேயே ஒன்றிரண்டு நாள் கிடக்கும். அப்புறம் கட்டாகக் கட்டி, களத்துக்குச் சுமந்து, அடித்து, தூற்றுவதற்குள் வெயிலும் காற்றும் பாதி வேலையை முடித்துவிடும். அறுவடையும் ஊருக்குள் நாள் கணக்கில் பரவி நடந்ததால், ஒரே நாளில் எல்லா நெல்லும் களத்துக்கு வரவில்லை.

இப்போது ஆள் கிடைப்பதில்லை. டயர் வண்டியோ பெல்ட் வண்டியோ வயலில் இறங்கினால் ஒரு ஏக்கர் சீக்கிரமே முடிந்துவிடும். நின்ற கதிரிலிருந்து நேராக டிராக்டர் டிப்பருக்கு நெல் வருகிறது. 20, 22, சில சமயம் 25 சதவீத ஈரத்தோடு வருகிறது. பக்கத்து ஊருக்கு வண்டி போவதற்குள் இந்த ஊரில் அறுத்துவிட வேண்டும் என்று எல்லோரும் ஒரே வாரத்தில் அறுக்கிறார்கள். அறுப்பு மிஷினுக்கு மாறியது. அதற்கடுத்த வேலையான காயவைப்பு மட்டும் மாறவில்லை. அது வெறும் காலும் வெயிலுமாகவே நின்றுவிட்டது. ஊர்க் களத்தில் இடம் போதாத நெல்தான் சாலைக்கு வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விருத்தாசலம் வட்டாரத்தில் நெல்லை 75 கிலோ மூட்டையில் பேசுவார்கள். ஒரு ஏக்கரில் 30 மூட்டை என்று வைத்துக்கொண்டால் 2,250 கிலோ. அது 22 சதவீத ஈரத்தில் இருந்தால், 17-க்கு வர சுமார் 135 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். கிட்டத்தட்ட ஏழு கேன் தண்ணீர். ஆபீஸில் வைத்திருப்பார்களே, அந்த 20 லிட்டர் கேன்.

இதை ஆவியாக்கக் குறைந்தது 90 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. வெயிலில் அதற்குப் பஞ்சமில்லை. தெளிவான ஒரு நாளில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 5 யூனிட் அளவுக்கு வெப்பம் இலவசமாக இறங்குகிறது.

பஞ்சம் இடத்துக்குத்தான். நெல்லை 2 முதல் 4 சென்டிமீட்டர் கனத்தில்தான் பரப்ப வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை கிளற வேண்டும். 3 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 17 கிலோதான் பிடிக்கும். ஆக ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஏறக்குறைய 1,400 சதுர அடி தேவை. சென்னையில் ஒரு மூன்று பெட்ரூம் வீட்டின் பரப்பு. ஐந்து ஏக்கர்காரருக்கு அது மாதிரி ஐந்து வீடு. இவ்வளவு பெரிய சமதளம் கிராமத்தில் யாரிடம் இருக்கிறது? நெடுஞ்சாலைத் துறையிடம்தான் இருக்கிறது!

காய்ந்தால் மட்டும் போதாது

இன்னொரு சிக்கல், எப்படிக் காய்கிறது என்பது. இதை விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இது செராமிக் ஊர். பொம்மையும் அகல் விளக்கும் ப்யூஸ் கேரியரும் செய்யும் பட்டறைகள் இருக்கிற ஊர். செராமிக் தொழில்நுட்பம் படிக்க அரசு நிறுவனமே இங்கே இருக்கிறது. அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் பொம்மையை யாரும் உடனே உச்சி வெயிலில் வைக்க மாட்டார்கள். வெளிப்புறம் சுருங்கி, உள்ளே ஈரம் நின்றால் விரிசல் விடும். நிழலில், மெதுவாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி காய்ந்த பிறகுதான் சூளை.

நெல்லும் கிட்டத்தட்ட அப்படித்தான். வேகமாகக் காயும்போது மேல்புறத்துக்கும் நடுவுக்கும் ஈரத்தில் இழுபறி வரும். அதைவிட மோசம், பகலில் நன்றாகக் காய்ந்த நெல் ராத்திரிப் பனியிலோ சாரலிலோ திரும்ப நனைவது. உமிக்குள் அரிசியில் மெல்லிய கீறல் விழும். வெளியே ஒன்றும் தெரியாது, ஈரப்பதமானியும் காட்டாது. ஆலையில் அரைக்கும்போதுதான் நொய்யாக உடையும். பட்டப்பகலில் தார்ச்சாலையின் சூட்டில் கிடந்து, ராத்திரி பனியில் நனைந்து, மறுநாள் திரும்பக் காயும் நெல்லுக்கு நடப்பது இதுதான். போதாததற்கு லாரி டயர் வேறு. அதோடு கல்லும் மண்ணும் சேர்கிறது. அதற்கும் கொள்முதல் விதியில் 1 சதவீதம்தான் அனுமதி.

புழுங்கல் அரிசிக்குப் போகும் நெல்லில் இந்த நஷ்டம் குறையும் என்பது உண்மை. வேகவைக்கும்போது மாவுச்சத்து இளகிக் கீறல்களை ஓரளவு ஒட்டவைத்துவிடும். பச்சரிசிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. விதை நெல்லுக்கும் இல்லை. விதை நெல்லின் சூடு 43 டிகிரியைத் தாண்டினால் முளைப்புத் திறனே போய்விடும்.

அப்போ சோலார் உலர்த்தி?

தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறை சூரியக் கூடார உலர்த்திகளுக்கு மானியம் தருகிறது. 40 சதவீதம், சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவருக்கு அதைவிடக் கூடுதல். பார்க்கப் பசுமைக்குடில் மாதிரி இருக்கும். உள்ளே வெயில் நுழையும், வெப்பம் தங்கும், ஈரக் காற்றை மின்விசிறி வெளியே தள்ளும். மழை, தூசி, கோழி, ஆடு எதுவும் உள்ளே வராது. நல்ல திட்டம்தான். கொப்பரை, மிளகாய், முருங்கை இலை, வாழைப்பழம் காயவைப்பவர்களுக்கு இது கைகொடுக்கிறது.

ஆனால் நெல்லுக்கு? 400 சதுர அடிக் கூடாரத்தில் 3 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால் எட்டு மூட்டை சொச்சம்தான் கொள்ளும். தட்டு அடுக்கி வைத்தால் கொஞ்சம் கூடும், கிளறுவது கஷ்டமாகிவிடும். 30 மூட்டைக்காரர் நாலு தடவை காயவைக்க வேண்டும். முதல் எட்டு மூட்டை காய்வதற்குள் மீதி 22 மூட்டை வெளியே சூடேறிக்கொண்டிருக்கும். கிலோ நூற்றுக்கணக்கில் விற்கிற மிளகாய்க்குக் கட்டுப்படியாகும் கூடாரம், கிலோ 25 ரூபாய் நெல்லுக்கு, அதுவும் வருஷத்தில் பத்து நாள் பயன்பாட்டுக்கு, தனி விவசாயிக்குக் கட்டாது. மானியம் போனாலும் மீதிப் பணம் அவருடையதுதானே?

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், ஜெர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'சோலார் பபிள் டிரையர்' என்று ஒன்றை உருவாக்கியது. நீளமான பிளாஸ்டிக் சுரங்கம், சோலார் பேனலில் ஓடும் விசிறி, கிளறுவதற்கு ஓர் உருளை. சாலையில் நெல் காயும் பிரச்சினை அங்கேயும் உண்டு. நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் ஒரு தடவைக்கு அரை டன், ஒரு டன் அளவுதான். சிறு விவசாயிக்கும் விதை நெல்லுக்கும் சரி. ஒரு கொள்முதல் நிலையத்துக்கு ஒரே நாளில் 40 கிலோ சிப்பம் ஆயிரம் வந்தால் அது 40 டன்!

மழையில் வெயிலுக்கு எங்கே போவது?

சோலார் என்றதும் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்வி. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. சம்பா அறுவடை பனியோடு வருகிறது. நெல் அதிகம் நனைகிற நாளில்தான் வெயில் குறைவு.

இங்கே ஒரு சின்ன அறிவியல் உதவுகிறது. நெல்லைக் காயவைப்பது வெயில் மட்டும் இல்லை, காற்று. காற்று எவ்வளவு ஈரமாக இருக்கிறதோ, அதற்கு ஏற்ற அளவில் நெல்லின் ஈரம் போய் நிற்கும். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதம் இருந்தால் நெல் எவ்வளவு நாள் கிடந்தாலும் 17, 18-க்குக் கீழே இறங்காது. 80 என்றால் 15 வரை இறங்கும். 70 என்றால் 13.

அடுத்தது முக்கியம். 26 டிகிரியில் 90 சதவீத ஈரத்தோடு இருக்கும் மழைநாள் காற்றை வெறும் 5 டிகிரி சூடாக்கினால் போதும். அதன் ஈரப்பதம் 67-க்கு வந்துவிடும். அதாவது, காயவே வைக்காத காற்று, காயவைக்கும் காற்றாக மாறிவிடும். அந்த 5 டிகிரியைக் கூரையிலிருந்தே பெரும்பாலும் எடுக்கலாம். கறுப்பு வண்ணமடித்த தகரக் கூரை, அதற்கடியில் ஓர் இடைவெளி, அங்கிருந்து காற்றை இழுத்து நெல்லுக்கு அடியில் ஊதும் ப்ளோயர். மேகமூட்டத்திலும் கூரை கொஞ்சம் சூடாகும். ராத்திரியிலும் அடைமழையிலும் உமி அடுப்பு. உமி நம் ஊர் ஆலைகளில் கிடைக்காத பொருளா?

இதுவும் புதுசு இல்லை. வியட்நாமின் மீகாங் டெல்டாவில் ஒரு போக அறுவடை நம் குறுவை மாதிரியே மழைக்காலத்தில் வருகிறது. அங்கே 1980-களிலிருந்து உமி அடுப்போடு கூடிய படுக்கை வகை உலர்த்திகள் பரவின. ஓட்டை போட்ட தளத்தின் மேல் ஓர் அடி உயரத்துக்கு நெல், அடியிலிருந்து இளஞ்சூட்டுக் காற்று. 3 சென்டிமீட்டருக்குப் பதில் 30 சென்டிமீட்டர் என்பதால் இடம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 40 டன் நெல்லைத் தரையில் பரப்ப 25,000 சதுர அடி வேண்டும். இப்படி என்றால் 2,500 போதும். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அளவுதான்.

தளர்வு தண்ணீரை ஆவியாக்காது

இப்போது அரசுகள் என்ன செய்கின்றன என்று பார்க்கலாம். மழை வந்ததும் தமிழ்நாடு அரசு ஈரப்பதத் தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் எழுதும். மத்தியக் குழு வரும், மாதிரி எடுக்கும், போகும். 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை அனுமதி கிடைத்தது. 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழைக்குப் பிறகு 20 வரை கிடைத்தது. 2025-ல் 22 கேட்டபோது கிடைக்கவில்லை. கடிதம் போய்ப் பதில் வரும் நாட்களில் நெல் கொள்முதல் நிலைய வாசலில் முளைத்துக்கொண்டிருந்தது என்பதுதான் ஒவ்வொரு முறையும் செய்தி.

நனைந்த நெல்லோடு நிற்கிறவருக்குத் தளர்வு அவசியம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தளர்வு ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட ஆவியாக்குவதில்லை. விவசாயி தலையிலிருந்த ஈரத்தை அரசு கிடங்குக்கும் அரவை ஆலைக்கும் இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். 2025-26 பருவத்தில் சாதா ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையோடு குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். 22 சதவீத நெல்லை அப்படியே வாங்கினால், ஒவ்வொரு குவிண்டாலிலும் 6 கிலோ தண்ணீருக்கு 150 ரூபாய் போகிறது. அந்தப் பணத்தைக் கொடுத்த பிறகும் நெல் காய்ந்திருக்காது. வாங்காமல் திருப்பி அனுப்பினால், விவசாயி அதை வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுவார். ஒன்று பொதுப் பணம் வீண், இல்லையென்றால் விவசாயி பணம் வீண்.

என்ன செய்யலாம்?

உலர்த்தியை விவசாயி வீட்டுக்கு மானியத்தில் அனுப்புவதைவிட, நெல் எப்படியும் வந்து சேரும் இடத்தில் பொதுவாக வைப்பதுதான் சரி. எடைமேடை மாதிரி. யாரும் சொந்தமாக எடைமேடை வாங்கி வீட்டில் வைப்பதில்லை. விற்கிற இடத்தில் அது இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். காயவைப்பதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

தொடங்க விருத்தாசலம் நல்ல இடம். இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் தமிழ்நாட்டின் பெரிய கூடங்களில் ஒன்று. இங்கே நெல் மட்டும் வருவதில்லை. மணிலா, எள், உளுந்து, மக்காச்சோளம், வரகு என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு வரத்து உண்டு. "பத்து நாள் வேலைக்கு இவ்வளவு பெரிய மிஷினா?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். மக்காச்சோளம் 14-க்கு இறங்க வேண்டும். மணிலாவை 8 சதவீதத்துக்குக் காயவைக்காவிட்டால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு சேரும் ஆபத்து. 'வி.ஆர்.ஐ.' என்ற பெயரில் மணிலா ரகங்களை வெளியிட்ட வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் இதே ஊரில் இருக்கிறது. எந்தப் பயிருக்கு எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் என்று சொல்லக்கூடியவர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள்.

கூடவே இன்னொரு மாற்றமும் வேண்டும். 17.0 என்றால் எடுப்போம், 17.5 என்றால் திருப்பி அனுப்புவோம் என்ற கோட்டைவிட, உலர் எடைக் கணக்கு நியாயமானது. 22 சதவீத நெல் 100 கிலோ கொண்டுவந்தால், 17-ல் அது 94 கிலோ. 94 கிலோவுக்கு முழு விலை, காயவைத்த கூலி கழித்து, அன்றைக்கே ரசீது. விவசாயிக்கு வாசலில் காத்திருக்கும் நாட்கள் மிச்சம், அரசுக்குத் தண்ணீருக்குப் பணம் கொடுக்கும் வேலை மிச்சம். அட்டவணையை நிலையத்தின் சுவரில் ஒட்டிவிட்டால் பேரமும் இருக்காது.

மறுப்புகள் இருக்கும். "மிஷின் வாங்குவார்கள், அடுத்த வருஷம் துருப்பிடித்துக் கிடக்கும்" என்பார்கள். பொதுச் சொத்து விஷயத்தில் அந்தப் பயம் சும்மா வரவில்லை. அதனால்தான் உலர்த்தியை வாங்கி வைப்பதோடு விடாமல், மூட்டைக்கு இவ்வளவு கூலி என்று நிர்ணயித்து, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடமோ உள்ளூர் ஆலைக்காரர்களிடமோ ஓட்டக் கொடுக்கலாம். மிஷின் ஓடினால்தான் அவருக்கு வருமானம் என்றால் அது துருப்பிடிக்காது. "எல்லா நிலையத்துக்கும் முடியுமா?" என்பார்கள். வேண்டாம். முதலில் நாலைந்து நிலையத்துக்கு நடுவில் ஒன்று. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் ஒன்று, விருத்தாசலத்தில் ஒன்று என்று தொடங்கி, ரெண்டு பருவம் கணக்கு எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுக்கலாம்.

அதுவரை என்ன? களம் இருக்கிறவர்கள் அடியில் தார்ப்பாய் விரித்து, 3 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை கிளறினால் கீறல் குறையும். உச்சி வெயிலில் நெல்லின் சூடு 50 டிகிரிக்கு மேல் போகும்போது குவித்து மூடிவிட்டு, வெயில் தணிந்ததும் திரும்பப் பரப்பலாம். பனி இறங்குவதற்கு முன்னால் மூடிவிட வேண்டும். ஆனால் இதெல்லாம் களம் உள்ளவருக்கு, மழை இல்லாத நாளுக்கு.

மற்றவர்களுக்குச் சாலைதான். வருகிற பொங்கலுக்கும் அந்தப் பாதி ரோட்டில் நெல் இருக்கும், வண்டியை ஓரமாக ஓட்ட வேண்டியிருக்கும். ராத்திரியில் விருத்தாசலம் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே ஒருவர் காவலுக்குப் படுத்திருப்பார்.